முகம் எனும் அமானிதம்

முகம் என்னும் ஒரு சொல்லை ஒட்டி நம் மொழியில் எத்தனை சொற்கள் வழங்குகின்றன! முகவரி, முகவர், முகவுரை, முகமதிப்பு, முகத்துதி, முகதாட்சணியம் என அவை விரிந்து செல்கின்றன. ஒருவர் வாழும் இடத்தை அறிவதும் முகத்தை வைத்தே. அவர் பொருட்டுப் பிறர் செயற்படுவதும் முகத்தை வைத்தே. அவர் கேட்டதை மறுக்க இயலாமற் போவதும் முகத்தை வைத்தே. நாணயத்தின்மேல் பொறித்த மதிப்பையும் முகமதிப்பு என்றே வழங்குகிறோம். முகத்திற்கு விலை உண்டென்பதை மொழி என்றோ உணர்ந்திருந்தது போலும். அவ்விலை எவருக்கு உரியது என்பதே இன்று நம்முன் நிற்கும் வினா.

இவ்வினாவிற்கு விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. இராயபுரத்தில் புறப்பட்டுத் திருவொற்றியூர் நெடுஞ்சாலை வழியே எண்ணூர்வரை சென்று வந்தாற் போதும். முடிதிருத்தும் நிலையத்தின் கண்ணாடியில் நடிகர் சிரிக்கிறார். ஆட்டோவின் முதுகில் இன்னொரு நடிகர் நிற்கிறார். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. சாலைத் துணிக்கடைகளில் தொங்கும் பனியன்களிலும் பள்ளிக் குறிப்பேடுகளின் அட்டைகளிலும் விளையாட்டு வீரர்கள் விற்பனைக்கு நிற்கின்றனர். தேநீர்க் கடையின் நாட்காட்டியிலோ மறைந்த தலைவர் ஒருவர் மளிகைக்கடைப் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறார். இத்தனை முகங்களில் எத்தனை முகங்கள் உடையவரின் இசைவோடு அங்கு வந்தன? கேட்டவரும் இல்லை, கேட்க வேண்டும் என்று எண்ணியவரும் இல்லை.

புகழ்பெற்றோர் தம் உருவம், பெயர், குரல் ஆகியவற்றைப் பிறர் வணிகத்திற்குப் பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்தும் உரிமை உடையவரா? உடையவரே என்பது நம் கருத்து. எனினும், அவ்வுரிமை புகழால் வந்த உரிமை என்பதை நாம் ஏற்கவில்லை. அஃது ஏன் என்பதை விளக்கவே இக்கட்டுரை.

ஒரு பதாகையின் கதை

சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர், போட்டித் தேர்வு ஒன்றில் வெற்றி பெற்று அரசுப் பணியில் அமர்ந்தார். திருவொற்றியூர்க்காரர், தம் குடும்பத்தில் பட்டம் பெற்ற முதல் பிள்ளை. பயிற்சி நிலையம் எதனையும் நாடாமல், நூலகத்திலும் கடற்கரைத் தெருவிளக்கின் கீழும் அமர்ந்து படித்தவர். அவர் வெற்றி பெற்ற சில வாரங்களில், ஒரு பயிற்சி நிலையத்தின் பெரும் பதாகையில் அவருடைய முகம் தோன்றிற்று. "எம் மாணவர்" என்று அதன்கீழ் எழுதியிருந்தனர். அவர் அந்நிலையத்தின் படியைக்கூட மிதித்ததில்லை.

முதலில் அவருக்குக் கோபம் வரவில்லை. தம் முகம் அவ்வளவு பெரிதாக வீதியில் நிற்பதைக் கண்டு வெட்கத்தோடு மகிழ்ந்தார். அவருடைய தாயார் அதனைப் பார்ப்பதற்காகவே வழியை மாற்றிக்கொண்டு சந்தைக்குப் போய்வந்தார். பின்னர் ஒரு நாள், துறைமுகத்தில் சுமைப் பணி செய்யும் அண்டைவீட்டுப் பெரியவர் அவரிடம் வந்தார். "தம்பி, நீ படிச்ச இடந்தானேன்னு நம்பி எம் பொண்ணையும் அங்கேயே சேத்துட்டேன். அவ அம்மா தோட்டை அடகு வெச்சுத்தான் பணம் கட்டினோம்" என்றார். அப்போதுதான் அவருக்கு நெஞ்சு சுட்டது. நம்மிடம் வந்து அவர் கேட்ட வினா இன்றும் நம் செவியில் ஒலிக்கிறது: "ஐயா, அவர்கள் என்னிடமிருந்து எதையும் திருடவில்லை. ஆனால் என்னைக் காட்டி அந்தப் பெரியவரிடம் திருடிவிட்டார்கள். இதற்குப் பெயர் என்ன?"

இதற்குப் பெயர் உண்டு. முகத்தின்மீது பிறர் வைத்த நம்பிக்கையைக் களவாடுதல் என்பதே அப்பெயர். முகம் களவு போகும்போது இழப்பவர் முகத்திற்கு உரியவர் மட்டும் அல்லர்; அம்முகத்தை நம்பியவரும் இழக்கிறார். புகழ்பெற்றோர் வருவாயைப் பற்றிய வழக்கு என்று இதனை ஒதுக்கிவிட இயலாமைக்கு இதுவே காரணம்.

நீதிமன்றங்கள் உரைத்தவை

நம் நாட்டில் இவ்வுரிமைக்கெனத் தனிச்சட்டம் ஒன்றை நாடாளுமன்றம் இயற்றவில்லை. நீதிமன்றத் தீர்ப்புகளே இதனைச் சிறுகச் சிறுக உருவாக்கியுள்ளன. அவ்வரலாற்றில் தமிழகத்தின் பங்கு பெரிது. 1994ஆம் ஆண்டு நக்கீரன் இதழ் தொடர்பான இராஜகோபால் வழக்கில், ஒருவருடைய பெயரையோ உருவத்தையோ அவர் இசைவின்றி விளம்பரத்திற்குப் பயன்படுத்துவது அவருடைய அந்தரங்க உரிமையைக் குலைப்பதாகும் என உச்ச நீதிமன்றம் குறித்தது. அவ்வழக்கு ஒரு நடிகரையோ தலைவரையோ பற்றியதன்று. மரண தண்டனை பெற்றுச் சிறையிலிருந்த ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றைப் பற்றியது. அதே தீர்ப்பு, பொது ஆவணங்களில் உள்ளவற்றை வெளியிடும் உரிமை இதழ்களுக்கு உண்டென்பதையும் நிலைநாட்டியது.

அடுத்த படி, நம் துறைமுகத்திற்கு அண்மையில் நிற்கும் சென்னை உயர் நீதிமன்றத்தில் எழுந்தது. ஒரு காலத்தில் தன் கோபுரத்திலேயே கலங்கரை விளக்கை ஏந்திக் கப்பல்களுக்கு வழிகாட்டிய கட்டடம் அது. நடிகர் இரஜினிகாந்த் தம் பெயரையும் உருவத்தையும் நடையையும் பயன்படுத்தி எடுக்கப்பட்ட இந்திப் படம் ஒன்றிற்கு எதிராக அங்கு 2014இல் வழக்குத் தொடுத்தார். 2015 பிப்ரவரியில் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. காண்போர் அவரை அடையாளம் கண்டுகொள்ள முடிந்தாலே போதும். மக்கள் ஏமாந்தனர் என்று மெய்ப்பிக்க வேண்டுவதில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். அப்படம் பின்னர் வேறு பெயரோடு வெளிவந்தது. ஆயினும், புகழ்நிலை எய்தியவர்க்கே இவ்வாளுமை உரிமை உரியது என்று அத்தீர்ப்பு வரைந்த எல்லை நமக்கு உடன்பாடன்று.

ஏனெனில், 2017 ஆகஸ்டில் அந்தரங்கம் அடிப்படை உரிமையே எனத் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வில், நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல் தம் அடையாளத்தின் வணிகப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் உரிமை ஒவ்வொரு தனிமனிதர்க்கும் உண்டு என்று எழுதினார். 'ஒவ்வொருவர்க்கும்' என்ற அச்சொல்லே நாம் பற்றிக்கொள்ள வேண்டிய சொல். திரைவானில் மின்னுவோர்க்கு உண்டு, திருவொற்றியூர் மாணவர்க்கு இல்லை என்றால், அஃது உரிமையாகாது, சலுகையாகும்.

சமுதாயப் பெரியோர்க்கு இஃது எளிதில் விளங்கும். முன்னாட்களில் ஒளிப்பட நிலையங்கள் தம் கண்ணாடிப் பேழையில் மணமக்கள் படங்களை அழகுக்கு வைப்பதுண்டு. தம் வீட்டுப் பெண்ணின் படம் வீதியோரம் நிற்பதைக் கண்ட தந்தையார், கடைக்குள் சென்று அமைதியாக அதனை எடுத்துவிடச் சொல்வார். கடைக்காரரும் வாதிடாமல் எடுத்துவிடுவார். படம் எடுத்தவர் என்ற முறையில் கடைக்காரர்க்குச் சில உரிமைகள் இருக்கலாம். முகம் அவர் எடுத்ததன்று என்பதை இருவரும் அறிந்திருந்தனர். சட்டம் பிறப்பதற்கு முன்பே அறம் இருந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மறுப்போர் கூறுவன

இவ்வுரிமையை மறுப்போர் கூறும் காரணங்களையும் நடுநிலையோடு நோக்குவோம். முதலாவது, புகழை ஈந்தவர் மக்களே. எனவே புகழின் பயனும் மக்களுக்கே என்பது. நுழைவுச் சீட்டு வாங்கியவரும், ஓங்கிக் குரல் கொடுத்தவரும் இல்லையேல் நடிகர் ஏது என்று கேட்கின்றனர். உண்மையே. ஆனால் பனியன் அச்சிடும் முதலாளி மக்களின் பெயரால் அப்பயனைப் பெற எவர் அவருக்கு அதிகாரம் தந்தனர்? மக்கள் நட்ட மரத்தின் கனியை ஒரு வணிகர் பறித்துச் செல்வதற்கு, மரம் மக்களுடையது என்பது விடையாகாது.

இரண்டாவது, சிறு தொழிலாளரின் பிழைப்பு. நடிகரின் உருவத்தைக் கையால் வரைந்து வாழும் ஓவியரையும், தம் ஆட்டோவில் அன்பின் மிகுதியால் படம் ஒட்டிய ஓட்டுநரையும் நீதிமன்றத்திற்கு இழுப்பதா என்கின்றனர். இவ்வச்சம் பொருளற்றதன்று. 2023 ஜனவரியில் இரஜினிகாந்த் சார்பில் வெளியான வழக்கறிஞர் அறிவிப்பு, அவருடைய பெயர், படம், குரல் ஆகியவற்றை இசைவின்றி வணிகத்திற்குப் பயன்படுத்துவோரை எச்சரித்தது. அத்தகைய அறிவிப்பின் நிழல் பெருநிறுவனத்தின்மீது விழும்போது நாம் மகிழ்கிறோம். தெருவோரத் தூரிகையின்மீது விழுந்துவிடக்கூடாதே என்று கவலையும் கொள்கிறோம். ஆட்டோவின் முதுகிலுள்ள படம் எதனையும் விற்கவில்லை. அஃது ஓட்டுநரின் நெஞ்சைக் காட்டுகிறது. அன்பின் வெளிப்பாட்டையும் வாணிகத்தையும் பிரித்தறிவது கடினமன்று. படத்தை எடுத்துவிட்டால் விற்பனை குறையுமா என்று கேட்டால் போதும்.

மூன்றாவது மறுப்பே வலியது. உருவத்தின்மீது உரிமை தந்தால், பெரியோர் அதனை வாளாக்கித் தம்மைக் குறைகூறுவோரை வெட்டுவர் என்பது. கேலிச்சித்திரம் வரைவோர், வாழ்க்கை வரலாறு எழுதுவோர், மேடையில் குரல்போலி செய்வோர், கானாப் பாடலில் தலைவரை எள்ளுவோர் அனைவர்க்கும் வாய்ப்பூட்டு வந்துவிடுமே! இவ்வச்சத்தை நாமும் பகிர்ந்துகொள்கிறோம். வடசென்னையின் கானா, அஞ்சாமல் பேசிப் பழகிய கலை. இராயபுரம் பகுதியிலிருந்து எழுந்து, 2020ஆம் ஆண்டின் பி.பி.சி. நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்ற இசைவாணி போன்றோரின் கலை அது. அதன் நாவை எவரும் கட்டலாகாது. 1970களின் குத்துச்சண்டைப் பரம்பரைகளை வைத்துச் 'சார்பட்டா பரம்பரை' என்னும் படம் 2021இல் வந்தபோது, இப்பகுதியின் நினைவுகள் பல மீண்டும் உயிர்பெற்றன. ஒவ்வொரு முகத்திற்கும் விலைச்சீட்டு ஒட்டினால் அத்தகைய கதைகள் பிறக்கவே மாட்டா. 2023இல் தில்லி உயர் நீதிமன்றம், விளையாட்டு வீரர்களின் பெயர்களையும் ஆட்டப் புள்ளிகளையும் பற்றிய வழக்கு ஒன்றில், பொதுவெளியில் உள்ள செய்திகளையும் நையாண்டியையும் கலையையும் இவ்வுரிமை தடுக்காது என்று கூறியது இங்கு நினைவிற்குரியது.

எண்ணூரையே எடுத்துக்கொள்வோம். 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோது, கரிய எண்ணெய் அப்பிய மீனவர்களின் முகங்களும் கைகளும் நாளிதழ்களில் வந்தன. அவ்வாறு வந்தது தேவை. உலகம் அறிய வேண்டிய துயரம் அது. அதே படத்தை ஒரு நிறுவனம் தன் பொருளை விற்கும் விளம்பரத்தில், அம்மீனவரைக் கேளாமல் அச்சிடுமானால் அது வேறு. செய்திக்கு இசைவு வேண்டா. விற்பனைக்கு இசைவு வேண்டும். கோடு இங்கேதான் விழுகிறது.

முகம்மது அலி காட்டும் இரு பக்கங்கள்

குத்துச்சண்டையைப் பற்றிப் பேசிய நாம் முகம்மது அலியை நினையாமற் செல்ல இயலாது. 1980இல் அவர் சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிக் குத்துச்சண்டை ஆடியதை வடசென்னையின் மூத்தோர் இன்றும் பெருமையோடு நினைவுகூர்வர். அவருடைய வாழ்வில் இவ்வினாவின் இரு பக்கங்களும் தெளிவாகத் தெரிகின்றன.

1953இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று, சூயிங்கம் பொட்டலங்களோடு வழங்கப்பட்ட பேஸ்பால் வீரர்களின் படங்களைப் பற்றிய வழக்கில், தம் உருவத்தின் விளம்பர மதிப்பின்மேல் ஒருவர்க்கு உரிமை உண்டு என்று முதன்முதலாகப் பெயரிட்டுச் சொன்னது. 1978இல் ஓர் அமெரிக்க இதழ், குத்துச்சண்டைக் களத்தின் மூலையில் ஆடையின்றி அமர்ந்திருக்கும் கறுப்பின வீரர் ஒருவரை வரைந்து வெளியிட்டது. அலியின் பெயர் அதில் இல்லை. முகமும் அவரைச் சுட்டும் அடைமொழியும் இருந்தன. அலி வழக்குத் தொடுத்தார். நியூயார்க் நீதிமன்றம் அவ்விதழைப் பரப்புவதற்குத் தடை விதித்தது. பணத்திற்காகத் தொடுத்த வழக்கு என்று அதனை எவர் சொல்வர்? மானத்திற்காக நின்ற வழக்கு அது.

மறுபக்கமும் உண்டு. 2006இல் அலி தம் பெயர், உருவம் ஆகியவற்றின் வணிக உரிமையில் 80 விழுக்காட்டை 5 கோடி டாலருக்கு ஒரு நிறுவனத்திற்கு விற்றார். 2016இல் அவர் மறைந்தார். முகம் சந்தையில் இருந்தது. உருவத்தை நிலம்போல் சொத்தாக்கினால், நிலம்போல் கைமாறும். நாளடைவில் அது குடும்பத்தையும் விட்டு நீங்கும். இதனால்தான், மறைந்த முதலமைச்சர் ஜெயலலிதாவின் வாழ்வைத் தழுவிய படத்தை எதிர்த்து அவர் உறவினர் தொடுத்த வழக்கில், ஒருவர் ஈட்டிய நற்பெயர் அசையும் சொத்தைப்போல வாரிசுகளுக்கு இறங்குவதில்லை என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது நமக்குச் சரியெனப் படுகிறது.

அப்படியாயின் மறைந்தோரின் முகத்தையும் குரலையும் எவரும் எடுத்து விற்கலாமா? இதற்கு விடையைச் சட்டநூலில் அன்றி ஒரு திரைப்பாடலின் பின்னணியில் காண்கிறோம். 2024இல் வந்த 'லால் சலாம்' படத்திற்காக, 1997இல் மறைந்த பாடகர் சாகுல் ஹமீது, 2022இல் மறைந்த பம்பா பாக்யா ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவின் துணையோடு இசையமைப்பாளர் ஏ.ஆர். ரகுமான் மீட்டெடுத்தார். அவ்விரு குடும்பத்தாரிடமும் இசைவு பெற்று, உரிய ஊதியமும் வழங்கியதாக அவர் அறிவித்தார். கட்டாயத்தினால் செய்வதைவிடக் கண்ணியத்தினால் செய்வது உயர்ந்தது. இன்று எவருடைய குரலையும் எந்திரம் நொடியில் போலி செய்துவிடுகிறது; நடிகர் அனில் கபூர் 2023இல் தில்லியிலும், பாடகர் அரிஜித் சிங் 2024இல் மும்பையிலும் அதற்கெதிராகத் தடையாணை பெற நேர்ந்தது. பொருள் வளம் உடையோர் நீதிமன்றத்தை நாடினர். ஏனையோர் எதனை நாடுவது?

சொத்தன்று, அமானிதம்

நம் வீடுகளில் வழங்கும் அமானிதம் என்ற சொல்லை இங்கு நாம் முன்வைக்கிறோம். ஒருவர் நம்பி ஒப்படைத்ததை அவருக்காகக் காத்திருந்து, கேட்கும்போது குறையின்றித் தருவதே அமானிதம் பேணுதல். ஒருவருடைய நற்பெயர் ஊரார் அவரிடம் ஒப்படைத்த அமானிதம். அதனைப் பிறர் எடுத்துப் பயன்படுத்தலாகாது. ஏனெனில் அது பிறருடையதன்று. அவரும் தம் விருப்பம்போல் விற்றுவிடலாகாது. ஏனெனில் அது முழுவதும் அவருடையதன்று.

2017 அக்டோபரில் நடிகர் கமல்ஹாசன் எண்ணூர்க் கழிமுகத்தை நேரில் பார்வையிட்டபோது, மீனவர்கள் முறையிட்டுவந்த சாம்பற்கழிவின் பக்கம் நாட்டின் ஒளிப்படக் கருவிகள் திரும்பின. முகத்தின் வலிமை அத்தகையது. அதே வலிமையைக் கொண்டு, பணம் வைத்தாடும் இணையச் சூதாட்டத்திற்கு இளைஞரை அழைத்த புகழாளர்களையும் இந்நாடு கண்டது. அவ்வாட்டங்களைத் தடைசெய்யும் சட்டம் 2025இல் வருமுன் எத்தனை குடும்பங்கள் கண்ணீர் சிந்தின! 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொய் விளம்பரத்தில் தோன்றுவோர்க்குப் பத்து இலட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் ஐம்பது இலட்சம் வரையும் தண்டம் விதிக்க வழிசெய்துள்ளது. என் முகம் எனக்கே உரியது என வழக்காடுவோர், அம்முகம் சொன்ன பொய்யும் தமக்கே உரியது என ஏற்க வேண்டும் அன்றோ?

நாம் வேண்டுவன

முதலாவது, இவ்வுரிமைக்குத் தெளிவான தனிச்சட்டம் வேண்டும். 1950ஆம் ஆண்டின் சின்னங்கள் மற்றும் பெயர்கள் சட்டம், பிரதமர் உள்ளிட்டோரின் பெயரையும் படத்தையும் இசைவின்றி வணிகத்திற்குப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. 2016இல் இரு பெருநிறுவனங்கள் பிரதமரின் படத்தோடு நாளிதழ்களில் விளம்பரம் செய்தபோது, அக்குற்றத்திற்கு இருந்த உயர்ந்த அளவுத் தண்டம் 500 ரூபாய். அந்நிறுவனங்கள் பின்னர் மன்னிப்புக் கோரின. நாட்டின் பிரதமர் முகத்திற்கே காப்பு அவ்வளவுதான் என்றால், பிறர் நிலை என்ன? இரண்டாவது, அச்சட்டம் புகழ்பெற்றோரோடு நின்றுவிடாமல் எல்லாக் குடிமக்களுக்கும் உரியதாக வேண்டும். மூன்றாவது, செய்தி, வரலாறு, விமரிசனம், நையாண்டி, கலை ஆகியவை அதன் எல்லைக்கு வெளியே நிற்க வேண்டும். நான்காவது, எளியோர் வழக்கறிஞர் துணையின்றி முறையிட்டுப் பதாகையை இறக்கச் செய்யும் வழி, மாவட்ட அளவிலேயே இருக்க வேண்டும்.

வண்ணாரப்பேட்டைப் பகுதியின் ஆட்டோ ஓட்டுநர் வீட்டிலிருந்து சென்று, 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்று வந்தார் காசிமா. நாளை அவர் முகத்தை ஒரு கேரம் பலகைப் பெட்டியின்மேல் அச்சிட எவரேனும் விரும்பினால், முதலில் அவர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். தட்டுபவர்க்கு 'வேண்டா' என்று சொல்லும் வலிமை அவ்வீட்டிற்கு இருக்க வேண்டும். இவ்வளவே நாம் கேட்பது.

2002இல் ஹாலிவுட்டின் நடைபாதையில் முகம்மது அலியின் பெயர் தாங்கிய விண்மீனைப் பதிக்க முன்வந்தனர். தாம் தாங்கியிருப்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருப்பெயர். அது பிறர் காலடியில் மிதிபடலாகாது என்று அலி கூறினார். ஆகவே அவ்விண்மீன் சுவரில் பதிக்கப்பட்டது. பெயருக்கு உரியவர் தம் பெயரைக்கூடத் தமக்கு மேற்பட்ட ஒன்றின் அமானிதமாகக் கருதிய காட்சி அது.

நம் மாணவர் என்ன செய்தார் என்பதைச் சொல்லி முடிக்கிறோம். அவர் வழக்குத் தொடுக்கவில்லை. அண்டைவீட்டுப் பெரியவரை அழைத்துக்கொண்டு அந்நிலையத்திற்குச் சென்றார். தாம் அங்குப் பயின்றதற்கான பதிவேட்டைக் காட்டுமாறு அமைதியாகக் கேட்டார். காட்ட எதுவும் இல்லை. கட்டணம் திரும்பிற்று, தோடு மீண்டது, மறுநாட் காலையில் பதாகையும் இறங்கிற்று. இன்றும் விடுமுறை நாட்களில் அவர் அப்பெரியவரின் மகளுக்குத் தம் வீட்டுத் திண்ணையில் பாடம் சொல்லிக் கொடுக்கிறார். முகத்தை நம்பி வந்தவர்க்கு, முகத்திற்குரியவர் செலுத்திய கடன் அது.